உஷார்! 'துருக்கி ரேட்'டில் கேம் வாங்கப் போகிறீர்களா?

"ப்ரோ, 4,999 ரூபாய் கேம். பக்கா ஒரிஜினல். நம்மகிட்ட 299 மட்டும்தான். டெலிகிராமுக்கு வாங்க!"

இன்ஸ்டாகிராமில் கேம் சம்பந்தமாக நாலு ரீல் பார்த்துவிட்டால் போதும், அஞ்சாவதாக இந்த விளம்பரம் வந்து நிற்கும். கூடவே வரிசையாக ஸ்கிரீன்ஷாட்டுகள்: 'தேங்க்ஸ் ப்ரோ, சூப்பரா ஓடுது.' எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அது துருக்கி ரேட் ப்ரோ. அங்கெல்லாம் கேம் சீப்பு."

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதிப் பாதியை விற்கிறார்கள். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருந்தாலும் சரி, நீங்களே விளையாடுகிறவராக இருந்தாலும் சரி, அந்த மீதிப் பாதி என்னவென்று தெரிந்துகொள்ளாமல் ஜி-பேவைத் திறக்காதீர்கள்.

உண்மையான பாதியிலிருந்து வருவோம். கம்ப்யூட்டர் கேம்களுக்கு உலகின் மிகப் பெரிய கடை ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ல் தொடங்கியது. அந்தக் கடையில் ஒரே கேமுக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை. அமெரிக்காவில் 59.99 டாலர் விலை போட்ட 'சைபர்பங்க் 2077' இந்தியாவில் 2,999 ரூபாய். டாலரை இன்றைய மதிப்பில் ரூபாயாக்கினால் 5,000-ஐத் தாண்டிவிடும். நம் மேல் கருணை வந்து குறைத்துவிடவில்லை. அந்த விலை சொன்னால் இங்கே வாங்க ஆள் இருக்காது, கள்ளப் பிரதிதான் ஓடும் என்று தெரிந்தே குறைக்கிறார்கள். ரஷ்யாவில் கடை போட்டால் கள்ளப் பிரதிக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், கடைசியில் ஐரோப்பியக் கண்டத்தில் ஜெர்மனியை விட்டால் ரஷ்யாதான் எங்களுக்குப் பெரிய சந்தையாகிவிட்டது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011-லேயே சொன்னார். கள்ளப் பிரதிக்காரன் தருவதைவிட நல்ல சேவை கொடுத்தால் ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்பது அவர் வாதம். உள்ளூர்ப் பணத்தில் உள்ளூர்ச் சம்பளத்துக்குத் தாங்குகிற விலையும் அந்தச் சேவையில் சேர்த்திதான்.

இந்தியர்களுக்கு ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது 2015 நவம்பரில். இலங்கைக்கு இன்னும் டாலர்தான். ஆனாலும் பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூடானோடு சேர்த்து 'தெற்காசிய டாலர் விலை' என்று தனியாக ஒன்று உண்டு. இந்த விலைகளை முடிவு செய்வது கேமை வெளியிடும் நிறுவனம். டாலர் விலையைப் பதிந்தால், மற்ற நாடுகளுக்கு இவ்வளவு வைக்கலாம் என்று ஸ்டீம் ஒரு பட்டியலை நீட்டும். ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம். அதனால்தான் 69.99 டாலர் 'ஸ்டார்ஃபீல்ட்' இங்கே 4,999 ரூபாய்க்கு வந்து இறங்கியது. இந்தியா என்றாலே மலிவு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, துருக்கி?

துருக்கியும் அர்ஜென்டினாவும் ஒரு காலத்தில் உண்மையிலேயே அடிமாட்டு விலைக் கடைகள்தான். லிராவும் பெசோவும் மதிப்பிழந்துகொண்டே போயின. அர்ஜென்டினாவில் 2023-ல் மட்டும் பணவீக்கம் 211 சதவீதம். கேமின் விலைச் சீட்டோ பெசோவில் ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். சில மாதங்கள் போனால் டாலர் கணக்கில் அது சில்லறைக் காசாகிவிடும். உலகம் இதை மோப்பம் பிடித்துவிட்டது. எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டு, 'நான் அர்ஜென்டினாக்காரன்' என்று சொல்லி வாங்கித் தள்ளினார்கள். 2020-ல் சோனியின் 'ஹொரைசன் ஸீரோ டான்' ஸ்டீமுக்கு வரவிருந்தபோது, வெளியீட்டுக்கு முன்பே சில நாடுகளில் அதன் விலை சடாரென்று ஏற்றப்பட்டது. 2021-ல், கடை நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று ஸ்டீம் கட்டுப்பாடு போட்டது. 2022 அக்டோபரில் பரிந்துரைப் பட்டியலையே திருத்தி, இந்த இரண்டு நாடுகளுக்கும் பல மடங்கு ஏற்றியது. கடைசியாக 2023 நவம்பர் 20 அன்று பெசோவையும் லிராவையும் கடையை விட்டே எடுத்தது. இனி டாலர்தான். புது விலை பதியாத நிறுவனங்களின் கேம்கள் அன்றைக்கே அமெரிக்க விலைக்குப் போய் நின்றன.

நாணயத்தின் ஏற்ற இறக்கத்தை வால்வ் காரணமாகச் சொன்னது. அது பொய்யில்லை. ஆனால் வெளியாட்களின் கூட்டம் வந்து மொய்த்த பிறகு, அந்த நாடுகளுக்கென்று குறைத்து விலை போட எந்த நிறுவனத்துக்கு மனசு வரும்? அடி விழுந்தது புவனஸ் ஐரிஸிலும் இஸ்தான்புல்லிலும் உள்ளூர்ச் சம்பளம் வாங்குகிற பையன்கள் முதுகில். மலிவாக வாங்கிக் குவித்த வெளியூர்க்காரர்கள் அடுத்த நாட்டைத் தேடிப் போய்விட்டார்கள்.

ஆக, இன்றைக்கும் ஒருவர் 'துருக்கி ரேட்' என்று ஸ்டீம் கேம் விற்கிறார் என்றால், 2023-லேயே செத்துப்போன விலையைச் சொல்லி விற்கிறார். அப்புறம் அந்த 299 ரூபாய் கேம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது கேமே கிடையாது. 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்பார்கள். விற்பவர் ஒரு ஸ்டீம் அக்கவுன்ட்டில் ஒரே ஒருமுறை கேமை வாங்குவார். அந்த அக்கவுன்ட்டின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் உங்களுக்கும் இன்னும் எத்தனையோ பேருக்கும் கொடுப்பார். உள்ளே போய் டவுன்லோட் செய்து, ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிவிட்டு விளையாட வேண்டும். ஆன்லைன் போனால் அடுத்தவர் வெளியே விழுவார். பல புதுக் கேம்களில் இருக்கும் டெனுவோ பாதுகாப்பு, ஒரு நாளில் இத்தனை புது மெஷின்களில்தான் திறக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதனால் 'இன்னைக்கு ஸ்லாட் ஃபுல், நாளைக்கு வாங்க' என்று டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி காத்திருக்க வைப்பார்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தாலே லைசன்ஸ் போய்விடும் வாய்ப்பு உண்டு. மறுபடி அவரிடம்தான் கெஞ்ச வேண்டும். ஸ்டீமின் ஒப்பந்தப்படி அக்கவுன்ட்டை விற்பதும் கைமாற்றுவதும் தடை. அது என்றைக்கு முடக்கப்பட்டாலும் நீங்கள் நியாயம் கேட்க வழி கிடையாது. ரசீது உங்கள் பேரில் இல்லையே!

இதிலும் மோசம், 'நானே செட் பண்ணித் தர்றேன், எனிடெஸ்க் போடுங்க' என்பது. தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் மென்பொருள் அது. 299 ரூபாய் கேமுக்காக, பேங்க் பாஸ்வேர்டு, குடும்பப் படம், ஆபீஸ் மெயில் எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரை முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சீனாவில் ஆன்லைன் கடைகளில் பரவிய இன்னொரு வித்தையைக் கேளுங்கள். கீ, அதாவது கேமைத் திறக்கும் கோடு, என்று சொல்லி ஒன்றை விற்பார்கள். அதைப் போட வேண்டுமானால் விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, அட்மின் அனுமதியோடு, அவர்கள் தரும் ஒரு வரியை ஒட்டி என்டர் தட்ட வேண்டும். தட்டினால் ஸ்டீமுக்குள் ஒரு திருட்டு மென்பொருள் போய் உட்கார்ந்து, வாங்காத கேமை வாங்கியதாகக் காட்டும். உங்கள் லைப்ரரியில் கேம் தெரியும், விளையாடவும் வரும். ஒரு அப்டேட்டில் காணாமல் போகும். போகிற போக்கில் வேறு என்ன வைத்துவிட்டுப் போனது என்பது விற்றவருக்கே வெளிச்சம். உண்மையான ஸ்டீம் கீயை ஸ்டீமுக்குள்ளேயே 'ஆக்டிவேட் எ பிராடக்ட்' என்ற இடத்தில் போடலாம். பவர்ஷெல் என்ற பேச்சு வந்தாலே சாட் விண்டோவை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

கீ என்றதும் உலக அளவில் நடக்கும் கீ சந்தைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஜி2ஏ, கிங்குவின் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் கீ விற்கலாம். மலிவான நாட்டில் வாங்கிய கீயும் வரும், திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய கீயும் வரும். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி எழுத்தும் எண்ணும்தான். 2015 ஜனவரியில் யுபிசாஃப்ட், 'ஃபார் க்ரை 4' உள்ளிட்ட கேம்களின் பல கீகளைச் செல்லாது என்று அறிவித்தது. திருட்டு கார்டில் வாங்கி, சந்தைகளில் தள்ளிய கீகள் அவை. காசு கொடுத்து வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து கேம் மறைந்தது. கூச்சல் கிளம்பிய பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 'ஃபாக்டோரியோ' கேமை உருவாக்கிய செக் நாட்டு வூபே நிறுவனம் விடாப்பிடியாக நின்றதால், தன் தளத்தில் 198 திருட்டு கீகள் விற்றதை ஜி2ஏ 2020-ல் ஒப்புக்கொண்டு 39,600 டாலர் இழப்பீடு கொடுத்தது. நிறுவனம் போராடியது, நிறுவனத்துக்குப் பணம் கிடைத்தது. வாங்கிய தனி ஆளுக்காக அப்படிப் போராட யார் வருவார்? ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வெளியே வாங்கிய கீக்கு அந்த வசதி கிடையாது.

கீயில் இன்னொரு கண்ணி, நாட்டுப் பூட்டு. சில கீகள் குறிப்பிட்ட நாடுகளில்தான் ஆக்டிவேட் ஆகும். சில, ஆக்டிவேட் ஆனாலும் அந்த நாடுகளில்தான் ஓடும். இந்த இரண்டாவது வகை இன்னும் பொல்லாதது. வாங்கும்போது ஓடியது, வேலை கிடைத்து வேறு நாட்டுக்குக் குடிபோன பிறகு ஓடாது.

ஐரோப்பாவில் இந்தப் பூட்டுக்கே அபராதம் போட்டார்களே என்று சில விற்பனையாளர்கள் சட்டம் பேசுவார்கள். போட்டார்கள், உண்மைதான். செக், போலந்து, ருமேனியா போன்ற எட்டு நாடுகளில் விற்ற சுமார் 100 கேம்களின் கீகளை மற்ற ஐரோப்பிய நாடுகளில் ஓடாமல் பூட்டியதற்காக, வால்வுக்கும் பண்டாய் நாம்கோ, கேப்காம் உள்ளிட்ட ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதத்தை 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் விதித்தது. 2023-ல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே சந்தைக்குள் நடந்த வழக்கு. சேலத்தில் உட்கார்ந்து துருக்கிக்காரர் வேஷம் போடுகிறவருக்கு அதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

கூடவே, நாம் அடிக்கடி கேள்விப்படுகிற கோரிக்கை ஒன்று உண்டு. "மச்சான், இங்க டொரன்டோல அந்த கேம் ரொம்ப விலைடா. நீ இந்தியா அக்கவுன்ட்ல எனக்கு வாங்கி கிஃப்ட் பண்ணு, ஜி-பே பண்ணிடறேன்." பாசத்தில் சரி என்றுவிடாதீர்கள். விலை வித்தியாசம் அதிகம் இருக்கும் நாடுகளுக்கு இடையே ஸ்டீம் கிஃப்ட் அனுப்ப முடியாது. 2017-ல் கிஃப்ட் முறையை மாற்றியதிலிருந்தே இப்படித்தான். அது முடியாதபோது அடுத்த யோசனை வரும்: "உன் அக்கவுன்ட் பாஸ்வேர்டு கொடு, நானே பார்த்துக்கறேன்." அல்லது "ஃபேமிலில சேர்த்துக்கோ." 2024-ல் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் ஒரே வீட்டில், ஒரே நாட்டில் இருப்பவர்களுக்கானது. போதாக்குறைக்கு, உங்கள் கேமைக் கடன் வாங்கி விளையாடும் அத்தை மகன் அதில் சீட் அடித்து மாட்டினால், அந்தக் கேமில் உங்களுக்கும் சேர்த்துத் தடை விழும்.

வி.பி.என். போட்டு நாட்டை மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பணயம் வைப்பது அந்த ஒரு கேமை மட்டும் இல்லை, பல வருஷம் சேர்த்த மொத்த லைப்ரரியையும். இருப்பிடத்தை மறைத்து வாங்கினால் அக்கவுன்ட்டையே முடக்கலாம் என்று ஸ்டீம் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே, நீங்கள் வாங்குவது லைசன்ஸ்தான் என்று போட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் வந்த புதுச் சட்டம் அப்படிச் சொல்ல வைத்தது. முடக்கினால் டிஸ்க்கும் இல்லை, பெட்டியும் இல்லை, திருப்பிக் கேட்க எதுவுமே இல்லை. எல்லோரையும் முடக்குகிறார்களா? இல்லை. ஆனால் 2024-ல் யூடியூப் என்ன செய்தது? மலிவு நாடுகளில் பதிந்து பிரீமியம் எடுத்தவர்களின் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கியது. கண்டும் காணாமல் இருக்கும் கம்பெனி எந்த நாளில் கண்ணைத் திறக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

கன்சோல்காரர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. பிளேஸ்டேஷன் 5 வந்த 2020-லேயே சோனியின் பெரிய கேம்களுக்கு இந்தியாவில் 4,999 ரூபாய், அமெரிக்காவில் 69.99 டாலர், ஏறக்குறைய ஒரே விலை. ஸ்டீமில் மூடிய பிறகும் பிளேஸ்டேஷனின் துருக்கிக் கடை லிராவில் நீடித்ததால், 'துருக்கி அக்கவுன்ட் போட்டுத் தர்றோம்' வியாபாரம் அங்கே நகர்ந்துவிட்டது. அக்கவுன்ட்டை உருவாக்குவது விற்பவர். முதல் மெயில் அவருடையது. பதிந்த நாட்டை நீங்கள் நினைத்தபோது மாற்ற முடியாது. நம் ஊர் கார்டு அந்தக் கடையில் செல்லாது. ஒவ்வொரு முறையும் அவரிடமே கிஃப்ட் கார்டு கோடு வாங்கித்தான் பிழைப்பு ஓட வேண்டும்.

டிஸ்க் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. துபாயிலிருந்து வந்த டிஸ்க் உங்கள் மெஷினில் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்கான கூடுதல் பகுதிகளை இந்தியக் கடையில் வாங்கினால் ஒட்டாமல் போகலாம். டிஸ்க்கின் வட்டாரமும் கடையின் வட்டாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கும் முன்பே அட்டையில் எந்த வட்டாரம் என்று பாருங்கள். பர்மா பஜாரில் கேட்டால் "எல்லாம் ஓடும் சார்" என்பார்கள். டிஸ்க் ஓடும், அவ்வளவுதான் அவர்கள் உத்தரவாதம்.

ஜப்பானுக்குப் போய்வரும் நண்பரிடம் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 சொல்லி அனுப்புகிறவர்களே, 2025-ல் அங்கே 49,980 யென்னுக்கு வந்தது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ அக்கவுன்ட்டை மட்டும்தான் அதில் இணைக்க முடியும். பல மொழிகள் உள்ள மாடல் அப்போது 69,980 யென். விலையைப் பார்த்து மயங்கி முதலாவதை வாங்கிவந்தால் மெனுவைப் படிக்கவே ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ள வேண்டும். ஜப்பான் ஈ-ஷாப்பில் வெளிநாட்டு கார்டுகளை 2025 மார்ச் 25 முதல் ஏற்பதும் இல்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கே அதிகாரபூர்வமாக அங்கே கிடையாது, ஆகவே வேறு நாட்டுப் பெயரில்தான் அக்கவுன்ட். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமை ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்களும் அந்த அக்கவுன்ட்டை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. எதிர்ப்பு வெடித்து சில நாளில் பின்வாங்கினாலும், அந்தச் சேவை இல்லாத நாடுகளில் கேமைக் கடையிலிருந்தே எடுத்தார்கள். காசு கொடுத்தவர் பக்கம் ஒரு தப்பும் இல்லாதபோதே இந்த நிலை. வேஷம் போட்டு வாங்கியவருக்கு எப்படியிருக்கும்?

இனி பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை விளையாடுவது கம்ப்யூட்டரில் இல்லை, போனில் என்றால், அங்கே இதே வலை 'பாதி விலையில் யூசி', 'பாதி விலையில் டைமண்ட்' என்ற பெயரில் விரிகிறது. யூசி, டைமண்ட் என்பவை கேமுக்குள் செலவழிக்கும் காசு. திருட்டு கார்டில் போடுவார்கள், அல்லது போட்டுவிட்டு ரீஃபண்ட் கேட்பார்கள். கேம் கம்பெனி பணத்தைத் திரும்பப் பிடிக்கும்போது அக்கவுன்ட்டில் யூசி மைனஸில் போகும், தடையும் விழலாம். பையன் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கும். திட்டுவதற்கு முன் கேளுங்கள்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. துருக்கியும் அர்ஜென்டினாவும் மூடியபின் மலிவு விலை தேடும் கூட்டம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்? மலிவு விலை இருக்கும் பட்டியலில் நாமும் இருக்கிறோம். வெளிநாட்டுக்காரருக்கு இந்திய அக்கவுன்ட் திறந்து கொடுப்பதும், கமிஷனுக்கு யுபிஐயில் கட்டிக் கொடுப்பதும் ஒரு சின்ன வியாபாரமாக வளர்ந்தால், வெளியீட்டாளர்கள் ரூபாய் விலையை டாலருக்கு நெருக்கமாக ஏற்ற இதைவிட நல்ல சாக்கு வேண்டாம். உங்கள் யுபிஐ வழியாக யாரோ ஒருவரின் திருட்டுப் பணம் சுற்றிவந்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உடனே செய்ய வேண்டியவை: வேறொரு சுத்தமான கருவியிலிருந்து ஸ்டீம், மெயில் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 'ஸ்டீம் கார்ட்' (Steam Guard) பாதுகாப்பை மொபைலில் போடுங்கள். செட்டிங்ஸில் மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் ஸ்டீமில் ஏபிஐ கீ (கேம் கீ அல்ல, வெளி மென்பொருள் உங்கள் அக்கவுன்ட்டை அணுக உதவும் சாவி) எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்குங்கள். எனிடெஸ்கையோ பவர்ஷெல்லையோ திறந்து கொடுத்திருந்தால், வேண்டிய பைல்களை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடுவது உத்தமம். பேங்க் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அக்கவுன்ட் கைவிட்டுப் போயிருந்தால் ஸ்டீம் சப்போர்ட் உங்களிடம் கேட்பது பழைய ரசீதும் முதலில் பணம் கட்டிய விவரமும்தான், தேடி எடுத்துவையுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். 299 ரூபாய்தானே என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அதே ஆள் இந்நேரம் அடுத்தவருக்கு அதே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிக்கொண்டிருப்பார், புகாரில் அந்த யுபிஐ ஐடி இருந்தால்தான் அவர் கணக்கை முடக்க முடியும்.